பல் பிடுங்கினாலும் பாம்பு பாம்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதவி போன அரசியல்வாதியைப் ‘பல் பிடுங்கிய பாம்பு’ என்று எழுதுவது நம் பத்திரிகைகளில் நெடுநாள் வழக்கம். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அது பொருந்தலாம். பாம்பைப் பற்றிச் சொன்னால் அது தவறான தகவல். பல் பிடுங்கிய நாகத்துக்குச் சில வாரங்களில் மறுபடி பல் முளைத்துவிடும். இந்தத் தவறான தகவலின் அடுத்த படியாக இப்போது “விஷப்பை எடுத்த பாம்பு, பயப்பட வேண்டாம்” என்ற வரி கைபேசிக் காணொலிகளிலும், சில சமயம் செய்திகளிலும்கூட வருகிறது. வாசகர்கள் அதை நம்பிவிடக் கூடாது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

2023 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் காவல்துறை ஒன்பது பாம்புகளைப் பறிமுதல் செய்தது. விருந்துகளில் பாம்பு விஷம் புழங்கியதாக எழுந்த வழக்கு அது. ஒன்பதில் ஐந்து நாகப்பாம்புகள். கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்தபோது அந்த ஐந்துக்கும் விஷப்பைகள் இல்லை என்று தெரியவந்தது. வழக்கில் யார் குற்றவாளி என்பதற்குள் நாங்கள் போகவில்லை. ஐந்து பாம்புகளின் தலையை யாரோ கிழித்து உறுப்பை எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் ஒரு வரியில் வந்து, மறுநாள் காணாமல் போனது. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பல். நாகத்தின் வாயைத் திறந்து மேல்தாடையை விளக்கொளியில் பார்த்தால், முன்பக்கம் இரண்டு ஓரங்களிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சதை மடிப்பு தெரியும். அது நச்சுப்பல்லின் உறை. உறையை மழுங்கிய கம்பியால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் பல் தலைகாட்டும். அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். மருத்துவமனை ஊசியைப் போல உள்ளே துளை. அதற்குப் பின்னால், ஈறுக்குள், அடுத்தடுத்து வளர்ந்துகொண்டிருக்கும் மாற்றுப் பற்கள் வரிசையில் காத்திருக்கும். கடைசியில் இருப்பவை அரிசிக் குறுணை அளவுதான். தாடை எலும்பில் பக்கத்துக்கு இரண்டு குழிகள் உண்டு. ஒரு குழியில் உள்ள பல் விழுவதற்கு முன்பே பக்கத்துக் குழியில் புதுப் பல் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் சில நாகங்களுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு நச்சுப்பற்களைப் பார்க்க முடிகிறது. இரையின் எலும்பில் பட்டுப் பல் ஒடிவது பாம்புக்கு அன்றாடம் நேரக்கூடியது. அதற்காக வாழ்நாள் முழுக்க ஓயாமல் பல் முளைக்கும் ஏற்பாடு அதன் உடம்பிலேயே இருக்கிறது. இடுக்கியால் பிடுங்குகிறவர் அந்த வரிசையின் முதல் பல்லை மட்டுமே பிடுங்குகிறார்.

பாம்பாட்டிகளுக்கு இது தெரியும். ஆகவே அவர்கள் திரும்பத் திரும்பப் பிடுங்குகிறார்கள். துணியைக் கடிக்கக் கொடுத்து வெடுக்கென்று இழுப்பது ஒரு முறை. பல் துணியோடு வந்துவிடும், ஈறும் கொஞ்சம் கிழிந்து வரும், சில சமயம் தாடை எலும்பே உடையும். பல் முளைத்தாலும் விஷம் வரக் கூடாது என்பவர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விஷப்பையையே சுடுகிறார்கள். இன்னும் சிலர் உதட்டைத் தையல் நூலால் தைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு ஓரத்தில் சிறு துவாரம் மட்டும் விடுவார்கள். நாக பஞ்சமிக்கு முன்பு பல நாட்கள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு, எதை ஊற்றினாலும் குடிக்கும். பாலைக் குடிப்பதும் அந்தத் தாகத்தால்தான். பால் பாம்பின் உணவே கிடையாது. வாய்க்குள் வலுவில் ஊற்றும் பால், நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறக்கும் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கிறது.

பல்லைப் பிடுங்கி விஷப்பையை அப்படியே விட்டால் இன்னொரு சிக்கல். பல் இல்லாவிட்டாலும் குழாய் இருக்கிறது. பாம்பு கடிக்கும்போது தாடைத் தசை விஷப்பையை அழுத்தும். விஷம் பல்லுறைக்குள் வடிந்து வாய்க்குள் பரவும். நாகத்தின் அண்ணத்திலும் கீழ்த்தாடையிலும் சிறு பற்கள் வரிசையாக உண்டு. அவை கீறிய இடத்தில் அந்த விஷம் பட்டால் போதும். ‘பல் பிடுங்கியாச்சு’ என்று தோளில் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் கடிபட்டு உயிர்விடுவதற்கு மந்திரமோ சாபமோ காரணமல்ல.

இனி, படித்தவர்கள் செய்யும் முறை. அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் விஷப்பாம்பை வீட்டில் வளர்க்கும் ஆசைக்காரர்கள் அதன் விஷப்பையை அறுத்து எடுக்கச் செய்கிறார்கள், அல்லது விஷக்குழாயை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். இதை ‘அறுவை சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். சிகிச்சை என்றால் நோய் தீர்ப்பது. விஷப்பை அந்தப் பாம்புக்கு நோயாக இருந்ததில்லை. எனவே இந்தக் கடிதத்தில் ‘அறுவை’ என்று மட்டுமே எழுதுகிறோம்.

நாகத்தின் விஷப்பை கண்ணுக்குப் பின்னால், மேலுதட்டுச் செதில்களை ஒட்டி, வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும். வாதுமைப் பருப்பின் அளவுதான், ஆனால் அதைச் சுற்றி இருப்பவை ஏராளம். மேலே தாடையை இயக்கும் தசை போர்த்தியிருக்கும். கண்ணின் பின்னோரத்தில் கண்ணீர்ச் சுரப்பி. முகத்துக்கு உணர்வு கொடுக்கும் ஐந்தாம் நரம்பின் கிளைகளும் தாடைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களும் அருகிலேயே ஓடும். விஷப்பையிலிருந்து குழாய் கண்ணுக்கு அடியில் முன்னோக்கிப் போய்ப் பல்லின் அடியில் திறக்கும். கண்ணாடி விரியன் போன்ற விரியன்களில் விஷப்பையை அழுத்துவதற்கென்றே தனித் தசை ஒட்டியிருக்கும். குழாயின் வழியில் துணைச்சுரப்பி ஒன்றும் உண்டு. விரியனுக்கு அந்த முக்கோணத் தலை வருவதே இந்தப் பைகளால்தான். அதை எடுத்துவிட்டால் தலை வற்றிப்போய்விடும். அதற்காகக் காலியான இடத்தில் சிலிகான் துண்டை வைத்துத் தைக்கிற பழக்கமும் இருக்கிறது. பாம்பு பயங்கரமாகத் தெரிய வேண்டும், ஆனால் கடித்தால் ஒன்றும் ஆகக் கூடாது. அந்தச் சிலிகான் துண்டு பாம்புக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. பார்க்கிறவர் மிரள வேண்டும் என்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. இந்த அறுவை யாருக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அது போகட்டும், சொன்ன பலனாவது கிடைக்கிறதா என்றால் அதற்கும் உறுதி இல்லை. குழாயை வெறுமனே வெட்டிவிட்டால் வெட்டுப்பட்ட முனைகள் மறுபடி கூடி வழி திறந்துகொள்ளலாம். பையை எடுக்கும்போது ஓரத்தில் சுரப்புத் திசு கொஞ்சம் மிஞ்சினாலும் அது தொடர்ந்து சுரக்கும். மிஞ்சியதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. உயிருள்ள எலியைக் கடிக்க விட்டுச் சோதிக்கிறோம் என்பார்கள். அது இன்னொரு பிராணியின் மேல் செய்யும் கொடுமை. அன்று எலி சாகவில்லை என்பதால் ஆறு மாதம் கழித்து மனிதன் சாக மாட்டான் என்பதற்கும் உத்தரவாதமில்லை. விஷம் நீக்கியது என்று சொல்லி விற்ற பாம்பு முழு விஷத்தோடு இருப்பதும் உண்டு, விற்றவர் பொய் சொல்லியிருந்தால்.

மயக்கமருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பின் மூச்சுக்குழல் வாயின் முன்பக்கமே திறப்பதால் குழாய் பொருத்துவது எளிது, அதுவரைதான் எளிது. பாம்பு நெடுநேரம் மூச்சடக்கக்கூடியது. வெறுமனே வாயுவை முகர வைத்தால் மூச்சை நிறுத்திக்கொண்டு கிடக்கும். மயங்கிவிட்டது என்று நினைத்துக் கத்தி வைத்தால் அதற்கு எல்லாம் தெரியும். முறையாகச் செய்வதென்றால் குழாய் பொருத்தி, ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்து, நிமிடத்துக்கு நான்கைந்து முறை மூச்சைக் கையாலேயே செலுத்தி, இதயத் துடிப்பை டாப்ளர் கருவியால் கேட்டுக்கொண்டு, உடம்பை 28 முதல் 30 டிகிரிச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் மருந்து வெளியேறாது. விழித்தெழப் பல மணி நேரம் ஆகும், அல்லது விழிக்கவே விழிக்காது. இதையெல்லாம் யார் செய்வார்கள்? அறுவைகளில் பெரும் பகுதி மருத்துவமனைக்கு வெளியே நடப்பது. குளிர்பெட்டியில் வைத்து விறைக்க விட்டு அறுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. குளிர் பாம்பை அசையவிடாது, அவ்வளவுதான். வலியை அது போக்குவதில்லை. விறைத்த பிராணியால் துடித்துக் காட்ட முடியாததை ‘வலிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பாம்புக்கு வலி உண்டா என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வலியை உணரும் நரம்பு அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு. கத்துவதற்குக் குரல்தான் இல்லை. இமை இல்லாததால் கண்ணைச் சுருக்காது, உதடு அசையாததால் முகம் கோணாது. வலியில் இருக்கும் பாம்பு இரையைத் தொடாமல் விட்டுவிடும், நாக்கை நீட்டி மோப்பம் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், தொட்டால் உடம்பை இறுக்கிச் சுருட்டிக்கொள்ளும். ‘எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்’ என்று காட்டும் காணொலிகளில் நாம் பார்ப்பது பல நேரம் இதைத்தான்.

அறுத்த புண் ஆறுவதற்குப் பாம்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தையலை அதுவரை பிரிக்கக் கூடாது. பெரும்பாலும் அடுத்த சட்டை உரிக்கும்வரை விட்டுவைப்பார்கள். இதற்கிடையில் சீழ் பிடித்தால் அது நம் உடம்பில் வருவதுபோல ஒழுகி வடியாது. பாம்பின் சீழ் கெட்டியானது, காய்ந்த தயிர்க்கட்டி போலத் திரண்டு நிற்கும். மருந்து போட்டுக் கரையாது. மறுபடி கீறித் தோண்டி எடுக்க வேண்டும். வாயோரத்தில் தொடங்கும் இந்தப் புண் ஈறைத் தின்று, எலும்புக்குள் போய், கடைசியில் வாயை மூடவே முடியாமல் ஆக்கிவிடும். ஊசி மருந்துக் கணக்கும் நாய் பூனைக்குப் போடுவது போன்றதல்ல. செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒரு முறை. 600 கிராம் எடையுள்ள நாகத்துக்கு 12 மில்லிகிராம்தான் வரும். சிறுநீரகத்துக்கு நேரே போகாமலிருக்க உடம்பின் முன்பகுதித் தசையில் போட வேண்டும். பாம்பைக் குளிரில் வைத்துக்கொண்டு எத்தனை ஊசி போட்டாலும் பலனில்லை, அதன் எதிர்ப்புச் சக்தி சூட்டில்தான் வேலை செய்யும். தெருவில் படமெடுத்து ஆட வைக்கிறவர் இதில் எதையும் செய்யப்போவதில்லை. அந்தப் பாம்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ செத்துப்போகும். அவர் இன்னொன்றைப் பிடித்து வருவார்.

இந்த அறுவையை எதிர்க்கும் எங்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். விஷம் இல்லாவிட்டால் பாம்பால் உணவைச் செரிக்க முடியாது, பட்டினியால் சாகும் என்பார்கள். விஷம் செரிமானத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. செத்த எலியைக் கொடுத்தால் விஷப்பை இல்லாத பாம்பும் விழுங்கிச் செரித்து வாழும். கூண்டில்தான் அது நடக்கும். காட்டிலோ வயலிலோ விட்டால் கதை வேறு. தவளை ஏதாவது அகப்படலாம். விஷம் ஏறாத எலி திருப்பிக் கடிக்கும். நாகத்தின் கண்ணும் முகமும்தான் முதலில் போகும். அப்படிப்பட்ட பாம்பைக் காட்டில் விடுவது விடுதலையாகாது. எதிராளிக்குப் பதில் சொல்லும்போது நம் வாதம் வலுவாக இருக்க வேண்டும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

விஷப்பை எடுத்தது என்ற பேச்சு மருத்துவமனையில் என்ன செய்கிறது என்பதைப் பத்திரிகைகள் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடிச் சாவுகள் ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இந்தச் சாவுகளில் மிகப் பலவற்றுக்குக் காரணம் தாமதம். கடித்தது ‘விஷம் எடுத்த பாம்பு’ என்றால் தாமதம் இன்னும் கூடும். வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நாகக்கடியில் இமை சரிவது தொடங்கி, விழுங்க முடியாமல் போய், மூச்சு நிற்பதுவரை சில மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். எந்தப் பாம்பு கடித்தாலும், அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், கடித்தது விஷப்பாம்பு என்றே வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைக்க வேண்டும். கயிற்றால் இறுக்கக் கூடாது, கீறக் கூடாது. மருத்துவமனையில் 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது. நாகம் கடித்தாலும், பெயரில் விரியன் இருந்தாலும் விரியன் வகையைச் சேராத கட்டுவிரியன் கடித்தாலும் இரத்தம் உறைந்துவிடும் என்பதால் அதை வைத்து மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் தயாரிக்கப்படுவது. ஒரு மில்லி மருந்து நாக விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி. முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பி. இந்தக் கணக்கு வெளிநாட்டுப் பாம்புக்குச் செல்லாது. 2025 ஜூன் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து மும்பை வந்த பயணி ஒருவரிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட விஷப்பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடித்தார்கள். இந்தோனேசியக் குழிவிரியன்களே மிகுதி. வால் நுனி சிலந்தியைப் போலிருக்கும் ஈரானியக் கொம்பு விரியன்களும் இருந்தன. வாங்க ஆள் இல்லாமல் யாரும் கடத்தி வருவதில்லை. இவற்றில் ஒன்று கடித்தால் நம் மருத்துவமனையில் அதற்கென்று மருந்து இல்லை. ‘விஷப்பையை எடுத்துவிட்டு வளர்க்கிறேன்’ என்ற யோசனை இங்கே பரவுமானால் முதலில் பரவுவது இந்தக் கூட்டத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிராணியின் உடலைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்குத் தண்டனை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் அப்படியே இருக்கிறது. பாம்பின் தலையை அறுத்தவரை அந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு சாப்பாட்டுச் செலவில் வெளியே வந்துவிடுவார்.

ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கொல்வது மட்டும் அங்கே வேட்டை கிடையாது. பிடிப்பதும், காயப்படுத்துவதும், உடம்பின் எந்தப் பகுதியையும் எடுப்பதும் வேட்டைதான். காட்டில் இருப்பதற்கும் அடைத்து வைக்கப்பட்டிருப்பதற்கும் வித்தியாசமில்லை. நாகத்தின் பல்லைப் பிடுங்குவதும் விஷப்பையை எடுப்பதும் இந்த விளக்கத்துக்குள் நேராக வந்து விழுகின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு நாகம், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதலாம் அட்டவணையில் இருக்கிறது; முதலாம் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பறிமுதல் வழக்குகளில் ‘பாம்பை வைத்திருந்தார்’ என்று மட்டும் எழுதிவிட்டு, ‘உடலுறுப்பை எடுத்தார்’ என்பதை விட்டுவிடுவதால் வழக்கு பலவீனமாகிறது. அறுத்தவர் வேறு, வாங்கியவர் வேறு என்றால் அறுத்தவரைத் தேடும் வேலையே நடக்காமல் போகிறது.

வெளிநாட்டு இனங்களில் ஓட்டை பெரிது. 2024-இல் வந்த பதிவு விதிகளின்படி அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். உலகின் விஷப்பாம்புகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அழியும் ஆபத்து உள்ளதா என்பதுதான் சைட்டிஸின் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்தா என்பது அதன் கேள்வியில்லை. பிரிட்டனில் 1976-இலேயே அபாயகரமான வனவிலங்குகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். நாகம், விரியன் எதுவானாலும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். சிகிச்சைக்கல்லாமல் பிராணியின் உணர்வுள்ள திசுவை அறுப்பதை அவர்களுடைய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகவே தடை செய்கிறது. நமக்கும் அப்படி இனத்தின் ஆபத்தைப் பார்த்து எழுதிய விதி வேண்டும். விஷப்பை எடுத்ததோ எடுக்காததோ, இனத்தின் பெயர்தான் கணக்கு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

விஷப்பாம்போடு புழங்குவதற்கு அதன் உறுப்பை அறுக்க வேண்டியதில்லை என்பதைச் செங்கல்பட்டு மாவட்டமே நெடுங்காலமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பை மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, மூன்று வாரத்துக்குச் சற்று மேல் வைத்திருப்பார்கள். வாரம் ஒரு முறையாக நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குவளையின் மேல் இழுத்துக் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கும், விஷம் உள்ளே சொட்டும். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிப் பிடித்த சூழலிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி வந்தால் தெரிந்துவிடும். அடைத்து வைப்பதால் பாம்புக்கு ஏற்படும் சிரமம் அங்கும் உண்டு, அதைக் குறைக்க வேண்டும் என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆனாலும் எடுத்த விஷம் அந்தப் பாம்பின் உடலில் மறுபடி ஊறிவிடுகிறது, அது காட்டுக்குத் திரும்பும்போது நாகமாகவே திரும்புகிறது. எடுத்த விஷமோ முறிவு மருந்தாகி உயிர் காக்கிறது.

உயிரியல் பூங்காக்களிலும் அறுப்பதில்லை. கொக்கிக் கழியால் தூக்குவார்கள். பரிசோதிக்க வேண்டுமென்றால் பாம்பின் பருமனைவிடக் கொஞ்சமே அகலமான தெளிந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் தலையை நுழைய விட்டு, உடம்பில் மூன்றிலொரு பங்கு உள்ளே போனதும் குழாயையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். பாம்பால் உள்ளே திரும்ப முடியாது. கூண்டைச் சுத்தம் செய்யும்போது பாம்பு தானாகப் பக்கத்துப் பெட்டிக்குள் போகும்படி கதவு இருக்கும். தனியாள் ஒருவர் விஷப்பாம்புக் கூண்டைத் திறப்பதில்லை. இத்தனையும் செய்ய மனமில்லாதவர், இடமில்லாதவர், பணமில்லாதவர் விஷப்பாம்பு வளர்க்காமல் இருந்துவிடலாம். ஆசைக்காரருக்கு வசதி செய்து கொடுப்பதற்காகப் பாம்பின் தாடையை அறுப்பது மருத்துவம் ஆகாது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவரே பிராணிக்குக் கத்தி வைக்கலாம். பதிவு பெற்றவர் இதைச் செய்வது ஒழுங்கீனம் என்று மன்றம் வெளிப்படையாக அறிவித்துவிட்டால், பிறகு செய்கிறவர்கள் எல்லோரும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் ஆவார்கள்.

மாணவர்களுக்குப் பாம்பைத் தொட்டுக் காட்டுவதற்காக விஷப்பை எடுத்த நாகத்தைக் கொண்டு வருகிறோம் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. நாகத்தைத் தொடலாம் என்று ஒரு குழந்தை பள்ளியில் கற்றுக்கொண்டால், அடுத்த நாகத்தை அது வைக்கோல் போரடியில் பார்க்கும். அந்த நாகத்துக்கு எல்லாம் இருக்கும்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. ‘விஷம் நீக்கப்பட்ட பாம்பு என்பதால் ஆபத்தில்லை’ என்ற வரியை இனி அச்சிட வேண்டாம். அப்படி யாரேனும் சொன்னால், யார் நீக்கியது, எப்போது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று நிருபர் கேட்டு எழுதட்டும். பாம்பின் படத்தைப் போடும்போது கண்ணுக்குப் பின்னால் குழி விழுந்திருக்கிறதா, உதட்டோரத்தில் தழும்போ நூலோ தெரிகிறதா, வாய் கோணலாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே தனிச் செய்தி.

வனத்துறையிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. பறிமுதல் ஆகும் ஒவ்வொரு விஷப்பாம்பையும் ஊர்வன மருத்துவம் தெரிந்தவர் வாயைத் திறந்து பார்த்து, பல்வரிசை, பல்லுறை, விஷப்பை இருக்கும் இடம் மூன்றையும் படமெடுத்து வழக்குக் கோப்பில் சேர்க்க வேண்டும். உறுப்பு இழந்தவற்றைக் காட்டில் விடும் உத்தரவைக் கேட்கக் கூடாது. அவற்றுக்கு மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மாநிலத்துக்கு ஒரு காப்பிடம் போதும். ஒரு நாகத்துக்கு வேண்டியது பூட்டுள்ள கூண்டு, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு செத்த எலி. கூண்டின் மேல் ‘விஷமற்றது’ என்று எழுதாமல் ‘நாகம்’ என்றே எழுத வேண்டும். அங்கே வேலை செய்பவர் கொக்கிக் கழியோடுதான் அதைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊர்வன சிகிச்சையில் ஈடுபட்டுள்ள கால்நடை மருத்துவர்கள் சிலர்,
செங்கல்பட்டு மாவட்டம்.